ஒரு அறைக்கெல்லாம்

மோசமான துப்பறியும் ஸீரியல்களை, மோசமானவை என்று தெரிந்தே, அதற்காகவே உட்கார்ந்து பார்க்கிற பழக்கம் எனக்குப் பதினைந்து வருஷங்களாக உண்டு. இதை ஒரு சிறு பத்திரிகையில் எழுதுவது கொஞ்சம் கூச்சமான காரியம்தான். நம் வட்டத்தில் ஒருவன் குடிக்கிறான் என்றால் மன்னிப்பு உண்டு. கடன் வாங்கித் திருப்பித் தராதவனுக்கு அனுதாபம்கூட உண்டு. டெலிவிஷன் பார்க்கிறவனுக்கு இரண்டும் கிடையாது. பார்ப்பதாக ஒப்புக்கொள்கிற நண்பர்களும் ஏதாவது ஒரு ஸ்காண்டிநேவியப் பெயரைச் சொல்லிக் கரையேறிவிடுகிறார்கள். நான் பார்த்தது ‘ஸி.ஐ.டி.’ அதுவும் ஹிந்தியில். கரையேற வழியில்லை.

தெரியாதவர்களுக்காகச் சில விவரங்கள். பி.பி. சிங் என்பவர் தயாரித்த இந்த ஸீரியல் 1998 ஜனவரியில் ஸோனி சானலில் தொடங்கி 2018 அக்டோபர் வரை ஓடியது. 1500 பகுதிகளுக்கும் மேல். நம் ஊர் நாவலாசிரியர்களில் யாருக்கும் இவ்வளவு நீண்ட படைப்புக் காலம் வாய்த்ததில்லை என்று நினைக்கிறேன் (ராஜேஷ்குமாரைத் தவிர). ஏ.சி.பி. பிரத்யுமன் என்கிற அதிகாரி. அவருக்குக் கீழே அபிஜீத், தயா என்று இருவர். பிணங்களைப் பரிசோதிக்க டாக்டர் சாளுங்கே. கொலை நடந்த இடத்துக்கு எல்லோரும் சேர்ந்தே போவார்கள். ஏ.சி.பி. வலது கையை உயர்த்தி, காற்றில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பல்பைத் திருகுவதுபோல விரல்களைச் சுழற்றி, இதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்பார். தரையில் ஒரு பிணம் கிடக்கும்போது கோளாறு இருப்பதை அறிய இவ்வளவு யோசனை தேவையா என்கிற கேள்வி அங்கே யாருக்கும் எழுவதில்லை. பூட்டிய கதவு வந்தால் தயா உடைப்பார். சாளுங்கேயின் ஆய்வுக்கூடத்தில் பச்சை, நீலம், ரோஸ் நிறங்களில் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாய்கள். ஒன்றை எடுத்து இன்னொன்றில் ஊற்றினால் கொலைகாரனைப் பற்றி ஏதாவது தெரிந்துவிடும். கடைசியில் குற்றவாளிக்குத் தயா ஓர் அறை கொடுப்பார். அவன் எல்லாவற்றையும் சொல்லிவிடுவான். உனக்குத் தூக்குதான் என்பார் ஏ.சி.பி. முடிந்தது.

இந்த ஸீரியலோடு எனக்கு ஒரு தொழில்முறை உறவும் இருக்கிறது. ஏ.சி.பி.யாக நடித்த சிவாஜி சாட்டம் நடிக்க வருமுன் சென்ட்ரல் பாங்க் ஆஃப் இந்தியாவில் வேலை பார்த்தவர். இது தெரிந்த பிறகு அவர் முகத்தில் நான் வேறொன்றைப் பார்க்க ஆரம்பித்தேன். கணக்கு டாலி ஆகாத சாயங்காலத்தில் எங்கள் ஹெட் காஷியருக்கு இருக்கிற அதே முகம். தயாவாக வந்த தயானந்த் ஷெட்டி வட்டு எறிதல் வீரராக இருந்தவர். அந்தக் கதவுகளை அவர் நிஜமாகவே உடைக்கக்கூடியவர், ஆனால் கதவுகள்தான் நிஜமில்லை. பிளைவுட்டின் ஓரத்தில் சாயம் படாத இடம் தெரியும்.

நாமகிரிப்பேட்டையில் நாங்கள் மூன்று பேர். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் எடுக்கிற ஒருவர், ராசிபுரத்தில் லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதுகிற ஒருவர், நான். மஞ்சள் குடோன் ஒன்றின் மாடி அறை எங்களுடையது. (இந்த ஊர்ப் பெயரை வெளியே தெரியவைத்தவர் நாகஸ்வர வித்வான் கிருஷ்ணன். 2001இல் அவர் காலமான பிறகு அந்தப் பொறுப்பு முழுக்க மஞ்சளுக்கு வந்துவிட்டது.) செவ்வாய்க்கிழமைகளில் ஏலம். விரலி, உருண்டை, பனங்காளி என்று மூட்டைகள் வந்து இறங்கும். அதன் தூசி சட்டைக் காலரில், புத்தகங்களின் ஓரத்தில், டீ டம்ளரில் எல்லாம் இருக்கும். அறையிலிருந்த டி.வி., 2006இல் ஆரம்பித்த இலவசக் கலர் டி.வி. திட்டத்தில் யாருக்கோ வந்து, அவர் பெரிய பெட்டி வாங்கியதும் எங்களுக்கு இறங்கிவந்தது. பதினான்கு அங்குலம். அதில் ரத்தம்கூடக் கொஞ்சம் மஞ்சளாகத்தான் தெரியும்.

மூவரில் யாருக்கும் ஹிந்தி தெரியாது. பாங்க்கில் என்னைப் பிரபோத் பரீட்சைக்கு அனுப்பியிருந்தார்கள். அதில் நான் கற்றது, ஒரு விடுப்பு விண்ணப்பத்தை எப்படித் தொடங்குவது என்பது மட்டும். ஆகவே சத்தத்தை அணைத்துவிட்டு நாங்களே பேசுவோம். ஏ.சி.பி.க்கு இங்கிலீஷ் வாத்தியார், சாளுங்கேக்கு நான், மற்ற எல்லோருக்கும் லாரி ஆபீஸ் நண்பர். “ஏனுங்க டாக்டர், பொணம் என்னங்க சொல்லுது?” “சாப்புட்டு ரண்டு மணி நேரத்துல செத்திருக்குதுங்க. சாப்புட்டது நம்ம பஸ் ஸ்டாண்டு பரோட்டாவுங்க. மேக்கொண்டு விசாரணை தேவையில்லீங்க.” பிணம் சில சமயம் மூச்சுவிடும். அதற்கும் வசனம் உண்டு. ஒரு நண்பர் இதைக் கேள்விப்பட்டு, நீங்கள் செய்வது பிரெக்ட் சொன்ன அந்நியப்படுத்தல் என்றார். அவ்வளவு பெரிய பெயர் வேண்டாம். கூலிவேலை மாதிரி ஒரு வாரம் ஓடிய பிறகு, வயிறு வலிக்கச் சிரிப்பதற்கு மூன்று பேருக்கு ஒரு காரணம் கிடைத்தது. அவ்வளவுதான்.

ஆனால் பி.ஏ. இங்கிலீஷ் படித்தவனுக்கு எந்தச் சந்தோஷமும் மேற்கோள் இல்லாமல் செரிப்பதில்லை. எட்மண்ட் வில்ஸன் 1945இல், ரோஜர் அக்ராய்டை யார் கொன்றால் யாருக்கென்ன என்று தலைப்பிலேயே கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். அவர் எங்கள் பக்கமில்லை. துப்பறியும் கதை அவருக்குச் சலிப்பூட்டியது, சிரிப்பூட்டவில்லை. ஆடன் 1948இல் எழுதியதில் நேர்மை அதிகம். தனக்கு இது சிகரெட் மாதிரி ஒரு பழக்கம் என்று ஒப்புக்கொண்டு, இந்தப் பழக்கம் எதை நிறைவேற்றுகிறது என்று பார்க்கிறார். குற்றம் எல்லோர் மேலும் கவிந்திருக்கிறது. துப்பறிகிறவன் வந்து அதை ஓர் ஆளின் தலையில் வைக்கிறான். மற்ற எல்லோரும் நிரபராதிகள் ஆகிவிடுகிறார்கள். வாசகனும் அதில் சேர்த்தி. ஸூஸன் ஸோன்டாக் 1964இல் ‘காம்ப்’ ரஸனை பற்றி எழுதியபோது ஒரு பாகுபாடு செய்தார்: தன் அபத்தத்தைத் தான் அறியாத படைப்பு ஒன்று, அறிந்து அதையே நடித்துக் காட்டுகிற படைப்பு இன்னொன்று. முதலாவதுதான் சுத்தமானது. நாங்கள் பார்த்த காலத்து ஸி.ஐ.டி. முதல் வகை. சாளுங்கே அந்த ரோஸ் தண்ணீரை முழு நம்பிக்கையோடு ஊற்றினார். அந்த நம்பிக்கையைத்தான் நாங்கள் தின்றோம்.

தமிழில் இதற்குப் பரம்பரை இல்லாமலில்லை. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் தொடங்கி, டீ குடித்தே துப்புத் துலக்கிய தமிழ்வாணனின் சங்கர்லால் வரை. நம் இலக்கியவாதிகள் இவற்றைப் பற்றி எழுதாமல் இருந்ததற்குக் காரணம் படிக்காதது அல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். பஸ்ஸில் படித்துவிட்டு இறங்கும்போது ஸீட்டிலேயே விட்டுவந்தவர்கள் நாம். சுஜாதா ஒருவரைத்தான் வீட்டுக்குள் கொண்டுவந்தோம், அதற்கும் அவருடைய வசனத்தைக் காரணமாகச் சொன்னோம். கணேஷ் ஒரு வக்கீல் என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. வக்கீல் துப்பறிந்தால் கதை கோர்ட்டை நினைத்துக்கொண்டே நடக்க வேண்டியிருக்கிறது. போலீஸ்காரர் துப்பறிந்தால் அறையோடு முடிந்துவிடுகிறது.

அறைக்கு வருகிறேன். குடோனுக்கு எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற ஏட்டு ஒருவர் இருந்தார். வேறொரு மாவட்டத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்துவிட்டுச் சொந்த ஊர் வந்தவர். எங்கள் சிரிப்புச் சத்தம் கேட்டு ஒரு சனிக்கிழமை மாடிக்கு வந்தார். வந்தவர் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, நாங்கள் பேசியதை ரசித்தபடியே பார்த்தார். அதன் பிறகு வாராவாரம் வந்தார். கதவு உடைவதற்கும் கண்ணாடிக் குழாய்களுக்கும் எங்களைவிடச் சத்தமாகச் சிரித்தார். பிணத்தைச் சுற்றி ஆறு பேர் காலடி வைத்து நடப்பதைப் பார்த்து, “தடயமெல்லாம் இவங்க செருப்புலயே போயிருமுங்க” என்றார். வந்த மூன்றாவதோ நான்காவதோ வாரம். தயா அறைந்தார். குற்றவாளி தலைகுனிந்து பேச ஆரம்பித்தான். ஏட்டு சிரிக்கவில்லை. தவறான கூட்டலைத் திருத்துகிற குரலில் சொன்னார்:

“ஒரு அறைக்கெல்லாம் எவனும் சொல்ல மாட்டானுங்க தம்பி.”

வாத்தியார் பேச்சை மாற்றினார் என்று ஞாபகம்.

அன்று வீட்டுக்கு நடந்துபோகும்போது எனக்கு ஒன்று தெரிந்தது. அறை விழுகிற இடத்துக்கு எங்களிடம் வசனமே இல்லை. பிணத்துக்கு இருந்தது, கதவுக்கு இருந்தது, ஜீப்பின் டயருக்குக்கூட ஒரு தடவை லாரி ஆபீஸ் நண்பர் குரல் கொடுத்திருக்கிறார். அறையின்போது மட்டும் மூவரும் வாயை மூடிக்கொண்டு பார்ப்போம். கேலி செய்ய அதில் ஒன்றும் குறைவாக இல்லை; நடிப்பும் சத்தமும் மற்றதைப் போலவே போலி. இருந்தும் அங்கே எங்கள் வாய்கள் ஓய்வெடுத்தன. படைப்பின் மற்ற எல்லா இடத்திலும் நாங்கள் விமர்சகர்கள், அந்த ஓர் இடத்தில் பார்வையாளர்கள். அந்த ஸீரியலில் எங்களுக்கு உண்மையாகவே பிடித்திருந்தது அது ஒன்றுதானோ என்னவோ.

குற்றம் என்பது என் வேலையில் காகிதமாகத்தான் வரும். ஸீரியலில் பாங்க் மானேஜர் கேட்ட மாத்திரத்தில் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டுகிறார். நிஜத்தில் கடிதம் வரவேண்டும், பிரிவு எண் குறிப்பிட்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 91, இப்போது புதிய சட்டத்தில் 94. கணக்கு நகலை எடுத்து, 1891ஆம் வருஷத்து பாங்க்கர்ஸ் புக்ஸ் சட்டப்படி இது உண்மையான நகல் என்று சான்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்து, டெஸ்பாட்ச் ரிஜிஸ்டரில் ஏற்ற வேண்டும். இரண்டு வருஷம் கழித்து சாட்சி சம்மன் வரும். போய் உட்கார்ந்தால் வாய்தா. இந்த ஸ்தூலமான சலிப்பைக் காட்டுகிற ஒரு ஸீரியல் வந்தால் நான் சத்தத்தை அணைக்காமல் பார்ப்பேன்.

நான் வேலை பார்த்த ஒரு கிளைக்கு வெளியூர் போலீஸார் இரண்டு பேர் ஒரு பையனை அழைத்துவந்தார்கள். திருட்டுச் செயின். எங்களிடம் அடகு வைத்ததாக அவன் சொல்லியிருந்தான். நகை மதிப்பீட்டாளர் ரிஜிஸ்டரைப் புரட்டினார், பாக்கெட் வெளியே வந்தது, எடை சரியாக இருந்தது. இருபது வயதுகூட இருக்காது அவனுக்கு. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் தண்ணீர் கேட்டான். மதிப்பீட்டாளர் டம்ளரை நீட்டினார். அவன் இடது கையால் வாங்கினான். மதிப்பீட்டாளர் பழைய காலத்து மனிதர், முகம் சுளித்து, சோத்துக்கையால் வாங்கப்பா என்றார். பையன் அவரைப் பார்த்தான். வலது கை மடியிலேயே இருந்தது. போலீஸ்காரர்களில் ஒருவர் காலண்டரில் தேதி பார்த்துக்கொண்டிருந்தார்.

1872ஆம் வருஷத்து சாட்சியச் சட்டத்தை எழுதியவர்களுக்கு இந்தத் தேசத்துப் போலீஸைப் பற்றி மயக்கம் எதுவும் இருக்கவில்லை. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்று 25ஆவது பிரிவில் எழுதிவைத்தார்கள். அதாவது, தயாவின் அறைக்குப் பிறகு அந்த ஆள் சொல்கிற அத்தனையும் கோர்ட்டில் சொல்லாததற்குச் சமம். ஸீரியல் முடிகிற இடத்தில் சட்டப்படி ஒன்றுமே நடக்கவில்லை. ஆனால் அதே சட்டத்தில் 27 என்று ஒரு ஜன்னல் இருந்தது. காவலில் இருப்பவன் சொன்னதால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பொருளோடு நேராகச் சம்பந்தப்பட்ட அளவுக்கு அவன் சொன்னது செல்லும். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தில் இவையெல்லாம் 23ஆவது பிரிவுக்குள் சேர்க்கப்பட்டுவிட்டன. கதவு அடைத்திருக்கிறது, ஜன்னல் திறந்திருக்கிறது. அந்தப் பையன் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது அந்த ஜன்னல் வழியாக வந்துதான்.

ஏட்டிடம் இதைப் பற்றி ஒருமுறை பேசினேன், பையனைப் பற்றி அல்ல, சட்டத்தைப் பற்றி. டி.கே. பாசு வழக்கில் 1996இல் உச்சநீதிமன்றம் கைது செய்வதற்குப் பதினொரு நிபந்தனைகள் விதித்து, அவற்றை எல்லா ஸ்டேஷனிலும் பார்வையில் படும்படி வைக்கவேண்டும் என்று சொன்னது. “அந்த போர்டு எங்க ஸ்டேஷன்லயும் இருந்துதுங்க. நாந்தான் ஆணி அடிச்சு மாட்டுனேன்” என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நல்ல மனிதர். என் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது இரண்டு இரவு கண்விழித்தவர். இந்த வாக்கியத்தையும் முந்தைய வாக்கியத்தையும் எப்படிச் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. சேர்க்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் செல்ஃபோன் கடை வைத்திருந்த ஒரு தகப்பனும் மகனும், ஊரடங்கு நேரத்தில் கடை திறந்து வைத்திருந்ததாகப் பிடித்துச்செல்லப்பட்டுச் செத்துப்போனார்கள். 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டத்தில் மடப்புரம் கோயில் காவலாளி, நகை காணாமல்போன புகார் ஒன்றில். இரண்டு வழக்குகளும் ஸி.பி.ஐ.க்குப் போயின. அந்த நாட்களில் எல்லோரும் கொதித்தோம், அதில் பொய் இல்லை. ஆனால் இந்த இரண்டு ஜூன்களுக்கும் நடுவே, அதற்கு முன்னும், நம் செல்ஃபோன்களில் இன்னொரு விஷயம் வந்துகொண்டே இருந்தது: மாவுக்கட்டு. சங்கிலி பறித்தவன், கத்தியோடு வீடியோ போட்டவன், யாரோ ஒருவன், பிடிபட்டு மறுநாள் கையிலோ காலிலோ வெள்ளைக் கட்டோடு நிற்கிற படம். பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டான், அல்லது தப்பியோடும்போது பாலத்திலிருந்து குதித்துவிட்டான் என்று செய்தி. கீழே சிரிக்கிற முகங்கள். போலீஸ் ஸ்டேஷன் பாத்ரூமுக்கு வழுக்காத டைல்ஸ் போடக் கூடாதா என்று ஒருவர். சமத்காரமான வாக்கியம்தான். எங்கள் மாடி அறையில் வந்திருந்தால் நானே கைதட்டியிருப்பேன்.

அந்தச் சிரிப்பின் அமைப்பு எனக்கு நன்றாகப் பழக்கமானது. ஒரு மோசமான கதை சொல்லப்படுகிறது. சொல்கிறவருக்கும் அது மோசம் என்று தெரியும். கேட்கிறவர்களுக்கும் தெரியும். கதையில் இருக்கிற ஓட்டையைச் சுட்டிக்காட்டிச் சிரிப்பதால் நாம் புத்திசாலிகள் ஆகிறோம். கட்டுக்குள் இருக்கிற எலும்புக்கு அந்தச் சிரிப்பு எதிரானதில்லை. பாத்ரூமில் நிஜமாக வழுக்கி விழுந்திருந்தால்தான் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். உண்மை தெரிந்திருப்பதுதான் நகைச்சுவையே. ஆடன் சொன்ன கணக்கு இங்கேயும் டாலி ஆகிறது: ஓர் ஆளின் கையில் கட்டு, மற்ற எல்லோரும் நிரபராதிகள்.

இதனால் நான் ஸீரியல் பார்ப்பதை விட்டுவிடவில்லை. கேலியையும் விடவில்லை. அபத்தத்தை அபத்தம் என்று சத்தமாகச் சொல்லத் தெரியாத ரஸனையின் மேல் எனக்கு மரியாதை இல்லை, அது எவ்வளவு மனிதாபிமானத்தோடு பேசினாலும். அழகாக ஒளியமைத்து, மழையில் நனைத்து, மனஉளைச்சல் உள்ள இன்ஸ்பெக்டரை வைத்து இப்போது எடுக்கிறார்களே, அந்த உயர்ந்த ரகத் தொடர்களில் அறை விழும்போது பிளைவுட் தெரிவதில்லை. அதனால் அது அதிகம் நியாயமாகத் தெரிகிறது. என்னைக் கேட்டால் அதைவிட சாளுங்கே தேவலை.

வருத்தம் என்னவென்றால் அந்த சாளுங்கேயும் இப்போது இல்லை. 2024 டிசம்பரில் ஸி.ஐ.டி. திரும்பி வந்தது. ஆறு வருஷ இடைவெளியில் தேசம் முழுக்க அதைக் கேலி செய்து ஓய்ந்திருந்தது. தயாரிப்பாளர்களுக்கு அதெல்லாம் தெரிந்திருந்தது. தயா கதவை நெருங்கும்போதே, நாம் சிரிப்பதற்காக ஒரு விநாடி நிறுத்திக்கொடுக்கிறார்கள். ஸோன்டாக்கின் இரண்டாவது வகை. எங்கள் மூவரின் வசனத்துக்கு இடமில்லாமல் போய்விட்டது. அவர்களே பேசிவிடுகிறார்கள். வாத்தியார் மாற்றலாகி ஆத்தூர் போய்விட்டார். நானும் லாரி ஆபீஸ் நண்பரும் சில வாரங்கள் பார்த்தோம். அறை மட்டும் மாறவில்லை. அதற்கு முன்னால் நிறுத்தம் எதுவும் கிடையாது.

2025 ஏப்ரலில், கதைப்படி ஏ.சி.பி. பிரத்யுமன் கொல்லப்பட்டுவிட்டதாக ஸோனி சானல் அஞ்சலி விளம்பரமே வெளியிட்டது, பிறப்பு 1998, இறப்பு 2025 என்கிற தோரணையில். அது எப்படியோ ஏட்டின் காதுக்குப் போய், கேட்பதற்கென்றே கவுண்ட்டருக்கு வந்தார். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு அவர் டி.வி. பார்ப்பதில்லை.

“ஏ.சி.பி. போயிட்டாருங்களாமே தம்பி?”

ஆமாம் என்றேன். கொஞ்ச வாரத்தில் அவர் உயிரோடு திரும்பி வந்துவிட்டார்; அதையும் நானே சொல்ல வேண்டியிருந்தது. ஏட்டு யோசித்தார்.

“அப்ப இத்தன நாள் குடுத்த ஃபேமிலி பென்ஷன ரிக்கவரி பண்ணுவாங்களே.”

பண்ணுவார்கள் என்றேன்.

“ட்ரெஷரி நேர்காணலுக்குப் போயி உசுரோட இருக்கறன்னு கையெழுத்துப் போட்டாச் சரியாப் போயிருமுங்க” என்று சொல்லிவிட்டுப் பாஸ்புக்கை நீட்டினார், என்ட்ரி போட.